ஆறு வீட்டுச் சாவி

என் கணவரின் அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. முறைக்கு நாத்தனார், கூப்பிடுவது அண்ணி என்று. கல்யாணமாகி வந்த புதிதில் நான் தேய்த்துக் கவிழ்த்து வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் தேய்ப்பார். ஒரு சொல் சொல்லமாட்டார், முகம் சுளிக்கமாட்டார், அவர் பாட்டுக்குத் தேய்ப்பார். சண்டைக்கு வந்தாலாவது இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம். பேசாதவரிடம் என்ன சண்டை போடுவது? அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. இப்போது முழுசாக ஆறிவிட்டதா என்று கேட்டால் சத்தியம் செய்து கொடுக்க முடியாது.

அண்ணிக்கு ஐம்பத்து நாலு வயது. கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம். பிள்ளை கிடையாது. மூன்றாவது மாடியில் எங்கள் கதவுக்கு எதிர்க் கதவு அவருடையது. ஒரு அறை, ஒரு சமையலறை, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் இடிக்கிற பால்கனி. வேலை, வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிப்பது. புண்ணுக்குக் கட்டு மாற்றுவார், ஊசி போடுவார், குளிப்பாட்டுவார், மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டுவைப்பார். ஆட்களை அனுப்பும் அலுவலகம் ஒன்றில் பதிந்துவைத்திருக்கிறார். அவர்கள் வீட்டைக் காட்டுவார்கள், மிச்சமெல்லாம் இவர் பாடு.

மகன், மகள், தம்பி, தங்கை என்று எல்லாரும் வேலைக்குப் போன பிறகு தனியாகக் கிடக்கிறவர்கள்தான் இவருடைய நோயாளிகள். எழுந்துவந்து கதவைத் திறக்க அவர்களால் ஆகாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாவி கொடுத்துவிடுவார்கள். என் வீட்டுச் சாவியை நான் வேறு யாருக்காவது கொடுப்பேனா என்றால், மாட்டேன். ஆறு வீட்டுக்காரர்கள் இவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

அந்த வீடுகளை அண்ணி நோயை வைத்துத்தான் சொல்வார். முட்டி வீடு, மூச்சு வீடு, சர்க்கரை வீடு, முதுகு வீடு, நடுக்கம் வீடு, மறதி வீடு. "இன்னைக்கு மூச்சுக்கு லேட்டாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினால், கீழ் வீட்டில் புதிதாக வந்தவர்கள் பதறிப்போய் எட்டிப் பார்ப்பார்கள். சாவிகளுக்கும் அதே பெயர்தான். ஒவ்வொரு சாவியின் தலையிலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைச் சுற்றி, மேலே பேனாவால் 'முட்டி' என்றும் 'மூச்சு' என்றும் எழுதியிருப்பார். தெருப் பெயர் இருக்காது, ஆள் பெயர் இருக்காது. "தொலைஞ்சாலும் எடுக்கறவனுக்கு என்ன தெரியும்? முட்டின்னு போட்டிருந்தா எந்தத் தெருவுக்குப் போவான்?" என்பார். பதினோரு வருஷத்தில் ஒரு சாவி தொலைந்ததில்லை.

இதையெல்லாம் கெடுத்தவள் நான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அண்ணிக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டார். அலுவலகத்திலிருந்து மாற்று ஆளாக ஒரு பெண் வந்தாள். முட்டி, மூச்சு என்று சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? அண்ணி படுத்தபடியே சொல்லச் சொல்ல, அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது. அதனால் முகவரியோடு நிறுத்தவில்லை. எந்தப் பக்கம் படி, எத்தனையாவது மாடி, நாய் இருக்கிறதா, எல்லாம் எழுதினேன். மூச்சு என்பதற்கு நேரே, 'மாலை ஆறு மணிவரை தனியாக இருப்பார். மணி அடிக்க வேண்டாம், எழுந்துவர முடியாது' என்று எழுதினேன். உடம்பு தேறியதும் அண்ணி அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தது நான்தான். "இருக்கட்டும் அண்ணி, அடுத்த தடவை உதவும்ல?" என்றேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் கூடம். சர்க்கரை வீட்டுக்கு மருந்து வாங்க அண்ணி வந்திருந்தார், எனக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. நான் வரிசையில் நின்றேன். அண்ணிக்கு எப்படியோ ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. தூணோரம் ஒரு பெரியவர், வீங்கிய காலோடு நின்றுகொண்டிருந்தாராம். அண்ணிக்கு அது கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடியாது. எழுந்தால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்களே என்று, நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்துவிட்டு, அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவரப் போனார். திரும்பிவர ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இடம் அப்படியே இருந்தது. பை இல்லை.

நான் போட்ட கூச்சலில் கூடமே திரும்பிப் பார்த்தது. காவலாளியை ஒரு பிடி பிடித்தேன். வாசல்வரை ஓடினேன், கழிவறைக்குள் எட்டிப் பார்த்தேன், குப்பைத் தொட்டியைக்கூடக் கிளறினேன். திரும்பி வந்தபோது அண்ணி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெரியவரும் பாவம், தனக்காகப் பிடித்த இடத்தில் உட்கார மனசு வராமல் பக்கத்திலேயே நின்றார். அண்ணியின் உதடு மட்டும் அசைந்தது. வீடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"போன், கார்டு, அடையாள அட்டை எல்லாம் அதிலதானே? முதல்ல கார்ட நிறுத்தணும் அண்ணி" என்றேன்.

"மணி என்ன?"

"பன்னண்டரை."

"நாலு மணிக்கு மூச்சுக்கு ஊசி" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "நோட்டும் அதுலதான் இருக்கு" என்றார்.

ஆறு சாவியும், எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்பதும், எந்தக் கதவுக்குப் பின்னால் யார் தனியாகப் படுத்திருக்கிறார்கள் என்பதும், என் முத்தான கையெழுத்தில் ஒரு திருடனிடம் போயிருந்தன.

போலீஸ் ஸ்டேஷனில் ஒன்றரை மணி நேரம். புகார் எழுதிக்கொண்டவர் தன்மையாகத்தான் பேசினார். காணாமல் போன பொருள்களைச் சொல்லச் சொன்னார். அண்ணி முதலில் சாவிகளைச் சொன்னார். "சாவிய விடுங்கம்மா, விலையுள்ள பொருளா சொல்லுங்க" என்றார் அவர். "அதான் சொல்றேன்" என்றார் அண்ணி. அடையாள அட்டை எண் கேட்டார், அட்டை பையில். தொடர்புக்கு போன் எண் கேட்டார், போன் பையில். கையெழுத்துப் போடச் சொன்னார், மூக்குக் கண்ணாடியும் பையில். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அண்ணி தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டார்.

அங்கிருந்தே என் போனில் அலுவலகத்தைக் கூப்பிட்டோம். மேற்பார்வை பார்க்கும் பெண், அண்ணியைவிட இருபது வயது சின்னவள். "யார் வீட்டுக்கும் இப்ப போகாதீங்க. ஒன்னும் சொல்லாதீங்க. நாங்க பேசி முடிவு பண்றோம். நீங்களா போய்ச் சொல்லி, அவங்க வேணாம்னுட்டா அப்புறம் எங்களால ஒன்னும் செய்ய முடியாது. அந்த வீடு உங்க கைய விட்டுப் போயிடும்" என்றாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆறு வீடும் போனால் இந்த வயதில் அண்ணி எங்கே போய் நிற்பார்? பிழைப்பை விடுங்கள், காலையில் எழுந்து போக ஒரு இடம் வேண்டாமா? ஆனால் அண்ணி போனை என்னிடம் நீட்டிவிட்டு, "பூட்டுக்காரர் யாரையாவது தெரியுமா?" என்றார்.

தெரியும், எங்கள் தெருமுனையில் ஒருவர் இருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு மூச்சு வீட்டு வாசலுக்குப் போனபோது மூன்றரை. கருவிப் பெட்டியைத் திறக்கப் போனவர், பாதியில் நிறுத்தினார்.

"யார் வீடும்மா இது?"

"நான் கவனிச்சுக்கிற அம்மாவோட வீடு."

"உங்க அடையாளம் ஏதாச்சும் காட்டுங்க. யாரோ சொன்னாங்கன்னு நான் பாட்டுக்கு ஒரு பூட்ட உடைக்க முடியாதுல்ல?"

அடையாளம் பையோடு போய்விட்டது என்று நான் நாலு விதமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. நாங்கள்தான் திருடர்கள் என்றே முடிவுகட்டியிருப்பார். கடைசியில் அண்ணி கதவில் தட்டி, "அம்மா, நான்தான். சாவி தொலைஞ்சுபோச்சு. இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். உள்ளேயிருந்து சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தது ஒரே சொல். "திறப்பா." அதைச் சொல்ல அந்த அம்மா பட்ட பாடு வெளியே எங்களுக்குக் கேட்டது. பூட்டுக்காரர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் புதுப் பூட்டை மாட்டும்போதே அண்ணி, நான் மருந்தின் அளவைப் பார்த்துச் சொல்ல, ஊசி போட்டு முடித்து, கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பை போனது, சாவி போனது, எதையும் விடவில்லை.

"அட்ரஸுமா அதுல இருந்துச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஆமாம்மா. எழுதி வச்சிருந்தேன். என் தப்பு."

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று பெயரெடுத்தவள் நான். மளிகைக் கடையில், பள்ளிக்கூடத்தில், மாமியார் வீட்டில், எங்கேயும் நான் பேசாமல் வந்ததில்லை. அங்கே நின்று மருந்துப் பெட்டியில் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பூட்டுக்காரரிடமிருந்து இரண்டு புதுச் சாவிகளையும் வாங்கி, ஒன்றை அப்போதே அண்ணியிடம் கொடுத்துவிட்டார். வெளியூரிலிருந்த அவருடைய மகள் மட்டும் விஷயம் தெரிந்ததும் போனில் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தாள்.

மற்ற வீடுகள் அப்படி இல்லை. முதுகு வீட்டில் மருமகள் நாங்கள் சொல்லி முடிக்கும்வரை நிற்கவைத்தே கேட்டு, "சரி, இனிமே நாங்க பாத்துக்கறோம்" என்று கதவைச் சாத்தினாள். பத்து நிமிஷத்தில் அலுவலகத்துக்குப் போன் போட்டு வேறு ஆள் கேட்டிருந்தாள். சர்க்கரை வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். நடுக்கம் வீட்டில் ஆள் வேண்டும், ஆனால் சாவி தரமாட்டோம், பக்கத்து வீட்டுக்காரர் வந்து திறந்துவிடுவார் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அண்ணி வேலை செய்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உள்ளேயே நிற்பார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மறதி வீட்டில் ஒரு பெரியவரும் அவருடைய தங்கையும். தங்கை வேலைக்குப் போயிருந்தார், சாயங்காலம் மட்டும் உதவிக்கு வரும் பெண்தான் கதவைத் திறந்தாள். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போனா போகுதும்மா, நீ சாப்பிட்டியா?" என்றார். அன்று முழுக்க எங்களை அப்படிக் கேட்டது அவர் ஒருவர்தான். மறுநாள் காலையில் அண்ணி அவரிடம் போய் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பவும் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. "நேத்தே சொல்லியாச்சே அண்ணி. எதுக்கு இன்னொரு தடவை தலைய நீட்டறீங்க?" என்றேன். "அவருக்கு ஞாபகம் இல்லையே. அப்ப சொல்லாத மாதிரிதானே?" என்றார். வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

முட்டி வீட்டுக்குப் போனபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற டைப்ரைட்டிங் டீச்சர், எழுபத்தாறு வயது. இரண்டு முட்டியும் போய், ஒரு வருஷத்துக்கு மேலாக யாராவது பிடித்துக்கொள்ளாமல் கட்டிலை விட்டு நகர்ந்தவர் இல்லை. அண்ணிக்கு இருக்கிற ஒரே சிநேகிதம் என்று அவரைத்தான் சொல்லவேண்டும். குளிப்பாட்டிய பிறகு அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்களாம். எங்கள் வீட்டில் ஆறு வார்த்தைக்கு மேல் பேசாத அண்ணி அரை மணி நேரம் என்னதான் பேசுவார் என்று எனக்கு ஒரு காலத்தில் பொறாமையாகக்கூட இருந்தது. பதினோரு வருஷத்தில் அண்ணிக்குக் கிடைத்த முதல் சாவியும் அந்த வீட்டுடையதுதான். முட்டி நன்றாக இருந்த காலத்தில் டீச்சரின் கணவரைப் பார்த்துக்கொள்ளப் போனவர், அவர் போன பிறகும் விடாமல் போனார். மற்ற வீடுகள் போனால் இன்னொன்று வரும். இந்த வீடு போனால் அண்ணி உடைந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

மகன்தான் பேசினார். "சாவியும் அட்ரஸும் ஒரே பையிலயா? விவரம் தெரிஞ்சவங்கதானே நீங்க?"

"என் தப்புதான் தம்பி."

"யாராவது உள்ள புகுந்து எங்க அம்மாவ ஏதாவது செஞ்சிருந்தா?"

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். மென்று விழுங்கிவிட்டேன். உள்ளறையிலிருந்து டீச்சர், "அவள நிக்கவச்சுப் பேசாதடா" என்று குரல் கொடுத்தார். மகன் கொஞ்சம் இறங்கிவந்து, "வாங்க, வேணாம்னு சொல்லல. ஆனா சாவி கிடையாது. காலையில நான் கிளம்பறதுக்கு முன்னாடி வந்து மணி அடிங்க, திறக்கறேன்" என்றார். "சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணி படி இறங்கினார். எந்தப் படியிலும் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த நாலு நாள் அலைந்த அலைச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் கால் வலிக்கிறது. சிம் கார்டு கடையில் அடையாள அட்டை இல்லாமல் பழைய எண்ணைத் தரமுடியாது என்றார்கள். சரி என்று அட்டை அலுவலகத்துக்குப் போனால், "உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதச் சொல்லுங்க" என்றான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்தவன்.

"போன்தாங்க போச்சு."

"அப்ப அதே நம்பர்ல சிம் வாங்கிட்டு வாங்க."

"சிம்முக்கு அட்டை கேக்கறாங்க."

"அதுக்கு நான் என்ன செய்யறது மேடம்?"

நான் அவனை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வங்கியில் கார்டை நிறுத்த, கடைசியாக அதை எங்கே பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார்கள். அண்ணி ஒரு வருஷமாக அதைப் பயன்படுத்தியதே இல்லை, அதை அவர்கள் நம்பவில்லை. தாதி வேலைக்கான உரிம அட்டையின் நகலுக்கு இரண்டு புகைப்படமும் போலீஸ் ரசீதும் கேட்டார்கள். ரசீதில் அண்ணியின் வயதை நாற்பத்தைந்து என்று தப்பாகப் போட்டிருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது வயதைக் குறைத்துப் போட்டதற்கு யாராவது சந்தோஷப்படுவார்களே தவிர வருத்தப்படுவார்களா என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

இதற்கு நடுவில் மிச்சமிருந்த வீடுகளில் ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. கண்ணாடி இல்லாமல் ஊசியில் மருந்தின் கோடு தெரியாது என்பதால் நானும் கூடவே போனேன். நான் கோட்டைப் பார்த்துச் சொல்வேன், அவர் போடுவார். என் போன்தான் அவருக்கும் போன். இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல இவ்வளவு நேரம் இருந்ததில்லை. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு வாசலில் அவர் நின்று மணி அடிப்பதைப் பார்த்தேன். கையில் சாவியோடு நேராக உள்ளே போய்ப் பழகியவருக்கு மணி அடித்துவிட்டு எங்கே பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே நிற்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். எழுதியது நான்தான் என்று மட்டும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பை கிடைத்திருந்தது. போனும் பர்ஸும் இல்லை. கண்ணாடியில் ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது. நோட்டு இருந்தது. ஆறு சாவியும் பிளாஸ்திரி கலையாமல் இருந்தன. திருடியவன் பக்கத்தைப் புரட்டியே பார்த்திருக்க மாட்டான்.

புகார் எழுதிக்கொண்டவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். 'தனியாக இருப்பார்' என்ற இடத்தில் விரலை வைத்து, "இத யாரும்மா எழுதினது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் அண்ணி. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

வெளியே வந்ததும் என் ஆத்திரமெல்லாம் கோணல் வழியில் வெளியே வந்தது. "பாத்தீங்களா? யாருகிட்டயும் சொல்லாம இருந்திருந்தா ஒன்னுமே ஆகியிருக்காது. பூட்டு மாத்தியிருக்க வேணாம், ஒரு வீடு போயிருக்காது, வாசல்ல நின்னு மணி அடிக்க வேணாம். அந்தப் பொண்ணு அப்பவே சொன்னா. நீங்கதான் அரிச்சந்திரனுக்குத் தங்கச்சி மாதிரி ஓடினீங்க" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

அண்ணி பையின் ஜிப்பை மூடிவிட்டு, "சாவி எங்க இருக்குன்னு தெரியாம அவங்கள தூங்கச் சொல்றதா? நான் எப்படி அவங்க கைல ஊசி குத்துவேன்?" என்றார். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை எழுதியது யார் என்று அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறு திங்கட்கிழமை காலை முட்டி வீட்டு வாசலில் மணி அடித்தோம். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை அடித்தோம். உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"அவன் போயிட்டான்மா. அவசரமா வேலைக்குக் கூப்பிட்டாங்க. உனக்குப் போன் போட்டானாம், போகலையாம்."

எப்படிப் போகும்? பழைய எண் இன்னும் வரவில்லை, என் எண்ணை அவரிடம் யாரும் கொடுக்கவில்லை.

"பரவால்ல டீச்சர். பக்கத்துல யாருகிட்டயாவது சாவி இருக்கா?"

"யாருகிட்டயும் இல்ல. உள்ளேருந்து திறக்கலாம். இரு, நான் வரேன்."

"வேணாம்! எந்திரிக்காதீங்க. நாங்க சாயங்காலம் வரோம்."

"சாயங்காலம்வரைக்கும் இந்த ஈரத்துலயே கிடக்கச் சொல்றியா? வரேன்னு சொன்னேன்ல?"

கட்டில் கிறீச்சிட்டது. அண்ணி கதவோடு ஒட்டிக்கொண்டு, வாயைக் கதவிடுக்கில் வைத்துப் பேச ஆரம்பித்தார். "கட்டில் சட்டத்த விடாதீங்க. வாக்கர பக்கத்துல இழுத்துக்குங்க. ரெண்டு கையும் அது மேல வந்தாச்சா? இப்ப எந்திரிங்க. தலை சுத்துதா? சுத்தினா உக்காந்துடுங்க." வாக்கரின் இரும்புக் கால் தரையில் தட்டியது. "மோசமான கால் முதல்ல. அப்புறம் நல்ல கால். நல்ல காலே இல்லன்னு சொல்லாதீங்க, ரெண்டுல எது தேவலையோ அது." ஒரு தட்டு. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு தட்டு. நடுவில் டீச்சர் மூச்சு வாங்குவது கேட்டது. விழுந்தால் ஓடிப்போய்த் தூக்க இரண்டு பேர் இருந்தோம், இடையில் ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவு இப்படிப் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் நான்.

"டீச்சர்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. "அந்த அட்ரஸ எழுதினது அண்ணி இல்ல. நான்தான் எழுதினேன். கிழிக்கப் போனவங்களையும் நான்தான் தடுத்தேன்."

வாக்கர் சத்தம் நின்றது. "யாரு பேசறது?"

"அவங்க தம்பி பொண்டாட்டி."

"கதவத் திறந்துட்டு உன்னத் திட்டறேன். இப்ப எனக்கு மூச்சு பத்தல."

அண்ணி என் கையில் நறுக்கென்று கிள்ளினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்மேல் கோபத்தைக் காட்டியது அதுதான் முதல் தடவை. "இதுவா சொல்ற நேரம்? அவங்க கவனம் சிதறி விழுந்து வச்சா?" என்று பல்லைக் கடித்தார். வலியில் கண்ணில் தண்ணீர் வந்தாலும் எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது.

கட்டிலிலிருந்து வாசலுக்கு எங்கள் காலில் பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. தாழ்ப்பாளைத் தேடித் தடவும் சத்தம் கேட்டது, ஒரு தடவை நழுவியது, அப்புறம் விலகியது. கதவு திறந்தது. நனைந்த நைட்டியும் அவிழ்ந்த தலைமுடியுமாக டீச்சர் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை, கை இரண்டும் வாக்கரின் மேல் வெடவெடவென்று நடுங்கின. அவர் தானாக வாசல்வரை நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. "உள்ள வா" என்றார் அண்ணியிடம்.

பை போன அன்றைக்கு அழாதவர், வீடு வீடாகப் பேச்சு வாங்கி அழாதவர், அங்கே அழுதார். அழுதுகொண்டே டீச்சரை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, மாத்திரை கொடுத்த பிறகு டீச்சர் சொன்னபடி என்னைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். நான் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. சாயங்காலம் மகனிடமும் சொல்லிவிடுவதாகச் சொன்னார், சொல்லியும் இருக்கிறார். ஆனால் சாவி வரவில்லை. யார் எழுதினால் என்ன, பையில் இருந்ததா இல்லையா என்று மகன் கேட்டாராம். அவர் கேட்டதில் தப்பும் இல்லை. என் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல், "எனக்காக ஒருத்தர் எந்திரிச்சு வந்து கதவத் திறந்தது, என் வீட்டுக்காரர் போனப்புறம் இன்னைக்குத்தான்டி" என்றார். சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

பன்னிரண்டு வருஷமாக எதிர்க் கதவில் இருக்கிறேன். தினமும் ஏழு மணிக்கு அவர் படியேறி வருவதும், சாவியைப் போட்டுத் திருகுவதும் எங்கள் சமையலறைவரை கேட்கும். கேட்டதும், அண்ணி வந்தாச்சு, மணி ஏழு என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்ப்பேன்.

அவர் வீட்டுச் சாவியும் அந்தப் பையில் போனதால் அங்கேயும் புதுப் பூட்டு மாட்டியிருந்தோம். அதன் இரண்டாவது சாவி என்னிடம் இருந்தது. அன்று நாலு மணி ஊசிக்குப் பிறகு நான் மட்டும் முன்னால் வந்து, ஆறே முக்காலுக்கு அடுப்பை அணைத்துவிட்டு, எதிர் வீட்டைத் திறந்து உள்ளே போய், விளக்கைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்குச் செருப்புச் சத்தம் படியேறி வந்தது. வாசலில் நின்று பைக்குள் சாவியைத் தேடுவது கேட்டது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

அண்ணியின் முகம் வெளிறிவிட்டது. ஒரு கை பைக்குள் இருக்க, மறு கை நிலையைப் பிடித்துக்கொண்டது.

"என்னடி? என்ன ஆச்சு? தம்பிக்கு ஏதாவதா?" என்றார்.

"யாருக்கும் ஒன்னும் ஆகல அண்ணி. உள்ள வாங்க" என்றேன்.